ஆளுமை வினாநிரல்களின் ஏற்புடைமை: யாரிடம் நிறுவப்பட்டது?

ஆளுமையையும் உணர்ச்சி இயல்பையும் வினாநிரல் கொண்டு அளக்கும் ஆய்வேடுகள் பலவற்றில், ஆல்ஃபா கெழு 0.70-ஐத் தாண்டியது என்ற ஒரே வரியோடு கருவியைப் பற்றிய பேச்சு முடிந்துவிடுகிறது. லீ க்ரோன்பாக் 1951-இல் முன்வைத்த அந்தக் கெழு, வினாக்கள் தமக்குள் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதை மட்டுமே சொல்லும். ‘எனக்கு எளிதில் கவலை வரும்’, ‘அடிக்கடி கவலைப்படுவேன்’, ‘சின்ன விஷயத்துக்கும் கவலைப்படுவேன்’ என்று ஒன்றையே மூன்று விதமாகக் கேட்டால் கெழு தானாக உயரும். அளக்கப்பட்டது கவலையா, எதைக் கேட்டாலும் ஆமோதிக்கும் பழக்கமா என்பது அப்போதும் விளங்காது. அளக்க வேண்டியதைத்தான் கருவி அளக்கிறதா என்பதே ஏற்புடைமை. க்ரோன்பாக்கும் பால் மீலும் 1955-இல், ஒரு பண்பைப் பற்றிய கோட்பாட்டிலிருந்து கிளைக்கும் கணிப்புகளைச் சோதித்தே கருவியின் ஏற்புடைமையை நிறுவ முடியும் என்று வாதிட்டனர். அந்த வாதத்தை அதன் எல்லைவரை கொண்டுசெல்ல வேண்டும் என்பதே என் நிலைப்பாடு: ஓரிடத்தில் நிறுவிய ஏற்புடைமை, படிவத்தோடு சேர்ந்து இன்னோரிடத்துக்கு வந்துவிடாது.

விடையளித்தவரே ‘என்னைப் பற்றிச் சரியாகச் சொல்லிவிட்டது’ என்று ஒப்புக்கொள்வதும் சான்றாகாது. பெர்ட்ரம் ஃபோரர் 1948-இல் தம் மாணவர்கள் 39 பேருக்கு ஆளுமைச் சோதனை நடத்தி, பெரும்பாலும் ஒரு சோதிட நூலிலிருந்து திரட்டிய ஒரே குறிப்பை அனைவருக்கும் முடிவாகக் கொடுத்தார். அதன் பொருத்தத்துக்கு அவர்கள் அளித்த சராசரி மதிப்பு ஐந்துக்கு 4.26.

ஏற்புடைமை இடம்பெயருமா என்பதற்கான கடுமையான சோதனை பொலிவியாவின் அமேசான் பகுதியில் நடந்தது. மைக்கேல் கர்வெனும் அவர் குழுவினரும், வேட்டை, மீன்பிடி, சிறு வேளாண்மையால் வாழும் சிமானே மக்களில் 632 பேரிடம் ஆளுமையை ஐந்து அடிப்படைப் பண்புகளாகப் பிரிக்கும் ‘ஐம்பெரும் பண்புகள்’ மாதிரிக்கான வினாநிரலை அவர்கள் மொழியில் நடத்தி, 2013-இல் முடிவை வெளியிட்டனர். அந்தப் பண்புகளுக்குரிய ஐந்து காரணிகள், அதாவது விடைகள் ஒன்றாகச் சேர்ந்து மாறும் வினாத் தொகுதிகள், தெளிவாகப் பிரியவில்லை. மறுமுறை கேட்டபோது விடைகள் போதிய நிலைப்போடு இல்லை. நேரில் கவனித்த நடத்தையோடும் மதிப்பெண்கள் பொருந்தவில்லை. 430 பேரிடம் அவரவர் கணவரையோ மனைவியையோ மதிப்பிடச் சொன்னபோதும் ஐந்து காரணிகள் கிடைக்கவில்லை. எதிர்மறையாக அமைந்த வினாக்களை நீக்கியபோது மூன்று காரணிகளின் சாயல் தெரிந்தது என்பது கவனிக்கத்தக்கது. எதற்கும் ஆம் சொல்லும் போக்கு முடிவைக் குலைத்திருக்கலாம். ஆனால் குறை முழுவதையும் அதன் தலையில் கட்டிவிட முடியாது, ஏனெனில் நீக்கிய பிறகும் ஐந்து காரணி மாதிரி பொருந்தவில்லை.

பள்ளிப் படிப்பு இல்லாதவர்களிடம் படிவம் தோற்பதில் வியப்பென்ன என்று கேட்கலாம். பள்ளி சென்ற, ஸ்பானிஷ் பேசும் சிமானேயரிடமும் பொருத்தம் மேம்படவில்லை என்பதே அதற்கு விடை. இதைவிட வலுவான மறுப்பு ஒன்று உண்டு: இந்தப் பண்புகள் வாழ்க்கை விளைவுகளை உண்மையிலேயே முன்கூட்டிக் காட்டுகின்றனவே? காட்டுகின்றன. முன்னரே வெளியான 78 தொடர்புகளை கிறிஸ்டபர் சோட்டோ மீண்டும் சோதித்து 2019-இல் வெளியிட்ட ஆய்வில், ஏறத்தாழ 87 விழுக்காடு உறுதிப்பட்டன. வினாநிரல்களே வீண் என்போர் இதற்குப் பதில் சொல்லியாக வேண்டும். ஆனால் அந்த ஆய்வில் பங்கேற்றோர் அமெரிக்கர்கள். அமெரிக்கரிடம் கிடைத்த சான்று அமெரிக்கரைப் பற்றியது. அதை மற்றவர்களுக்கும் நீட்ட விரும்புவோரே அதற்கான சான்றையும் திரட்ட வேண்டும்.

ஆகவே வேற்று நாட்டு வினாநிரலை மொழிபெயர்த்து, ஆல்ஃபாவை மட்டும் கணக்கிட்டு வரும் ஆய்வேடுகளை நெறியாளர்களும் இதழாசிரியர்களும் அப்படியே ஏற்கக் கூடாது. அந்த மக்களிடமே திரட்டிய காரணிப் பகுப்பாய்வு, நெருங்கியவர் தரும் மதிப்பீடு, கவனித்துப் பதிந்த நடத்தை ஆகிய மூன்றில் இரண்டையாவது கேட்டுப் பெற வேண்டும்.