பிங் பிறந்த இரவு

1983ஆம் ஆண்டின் முதல் நாளன்று ஆர்ப்பாநெட் என்னும் அமெரிக்க வலையமைப்பு டிசிபி/ஐபி முறைக்கு மாறியபோது, கணினிகள் தம்முள் உரையாடுவதற்குரிய விதிகள் வகுக்கப்பட்டிருந்தனவேயன்றி, அவ்வுரையாடல் தடைப்படுமாயின் தடை எங்கே என்று ஆராய்ந்தறியும் சாதனங்கள் சொற்பமாகவே இருந்தன. அக்குறையைத் தீர்த்த பிங் என்னும் சிறு நிரல், சாஸ்திர விசாரத்தில் அன்றி, அன்றாடக் காரியத்தின் நெருக்கடியிலேயே பிறந்தது. அதைக் கற்க வேண்டிய முறையும் அந்தப் பிறப்பிலேயே அடங்கியிருக்கிறது.

மேரிலாந்து மாகாணத்து ராணுவ ஆய்வுக்கூடம் ஒன்றில் பணிபுரிந்த மைக் மூஸ், 1983 ஜூலையில் நார்வேயில் நடந்த கூட்டத்தில், எதிரொலிப் பாக்கெட்டுகளை அனுப்பி, அவை திரும்பிவரும் காலத்தைக்கொண்டு பாதையின் தாமதத்தை அளக்கலாம் என்று டேவிட் மில்ஸ் என்னும் வலையமைப்பு ஆய்வாளர் கூறக் கேட்டிருந்தார். டிசம்பரில் தம் ஆய்வுக்கூடத்து வலையமைப்பு விபரீதமாக நடந்துகொண்டபோது அவருக்கு அது நினைவில் எழுந்தது. கல்லூரியில் சோனார், ராடார் ஆகியவற்றின் இயக்கத்தைக் கணினியில் ஆராய்ந்த அனுபவமும் துணைசெய்ய, அன்று மாலையே நிரலை எழுதினார். எழுதியது ஓடவில்லை; எதிரொலிக்குரிய ஐசிஎம்பி என்னும் வகைச் செய்திகளை நேரடியாகக் கையாளும் வசதி, இயங்குதளத்தின் கருவாகிய கெர்னலில் இல்லை. ஆத்திரமுற்ற மூஸ் அவ்வசதியையும் தாமே சேர்த்து, பொழுது விடியுமுன் முழுவதையும் இயங்கச் செய்தார். ஆனால் முதல் பாக்கெட் புறப்படுமுன்பே, சக ஊழியர் ஒருவர் வன்பொருளின் பழுதைச் சரிசெய்துவிட்டிருந்தார்! ஆயினும் பெர்க்லி யூனிக்ஸ் அந்நிரலை ஆவலுடன் ஏற்றுக்கொள்ள, அது உலகெங்கும் பரவிற்று.

அதன் பிரயோகத்துக்கு மூஸே விரும்பிச் சொன்ன உதாரணம் ஒன்றுண்டு. ஈதர்நெட் இணைப்பு விட்டுவிட்டு அறுபடும் கட்டிடமொன்றின் நிர்வாகி, பிங்கின் விடைகளைக் குரல் எழுப்பும் நிரலுடன் பிணைத்து, ஒலிபெருக்கியை உரக்க வைத்துவிட்டு, வினாடிக்கொரு முறை ஒலிக்கும் அந்தக் குரலைக் கேட்டபடியே ஒவ்வோர் இணைப்பியாக அசைத்துக்கொண்டு நடந்தார். குரல் நின்ற இடமே பழுதுள்ள இடம்.

பின்னர், 1980களின் இறுதியில், ஸ்டீவ் டீரிங் கூறிய யோசனையின்படி வான் ஜேக்கப்சன் ட்ரேஸ்ரூட்டை எழுதினார். பாக்கெட்டின் ஆயுளை, அதாவது அது எத்தனை ரவுட்டர்கள் வரை செல்லலாம் என்னும் வரம்பை, ஒன்று, இரண்டு, மூன்று என்று உயர்த்தி அனுப்பினால், ஆயுள் முடியும் இடத்து ரவுட்டர் ஒவ்வொன்றும் தன் முகவரியுடன் செய்தி அனுப்பும் என்பதே அதன் தத்துவம். பிங் விடை வந்ததா என்றது. இதுவோ வழியையே காட்டிற்று.

இன்று கற்கத் தொடங்குபவர் இவ்வரலாற்றின் வழியே செல்வது உத்தமம். முதலில் 127.0.0.1 என்னும் தம் கணினியின் உள்முகவரிக்கும், பிறகு வீட்டு ரவுட்டருக்கும், அதன்பின் தொலைதூர முகவரிக்கும் பிங் அனுப்பி, வரிசை எண்ணையும் மில்லிசெகண்டுகளையும் ஒப்பிட்டு நோக்குக. ஓடிக்கொண்டிருக்கையிலேயே கேபிளைக் கழற்றி மீண்டும் செருகினால், இடையில் விடுபட்ட எண்கள் பாக்கெட் இழப்பு இன்னதென்பதை ஐயமறத் தெரிவிக்கும். விடை வராத முகவரியெல்லாம் செயலிழந்ததன்று, ஃபயர்வால் எதிரொலியைத் தடுத்திருக்கவும் கூடும் என்பதும் இத்தகைய அப்பியாசத்தினாலேயே மனத்தில் பதியும். கட்டளையின் விருப்பத்தேர்வுகளை உருப்போட்டவர் அவற்றை மறப்பார். தாமே உண்டாக்கிய பழுதைத் தாமே தேடிக் கண்டவருக்கோ, எந்தப் பழுதின்முன்னும் அடுத்த கேள்வியை எங்கே கேட்பது என்பது தெரிந்திருக்கும்.