எண்ணை வாசித்துக் காட்டியது யார்?

ஆசிரியர் நண்பர்களே, விண்டோஸ் கணினியில் ‘ஈவென்ட் வியூவர்’ என்றொரு பக்கம் உண்டு. கணினி தன் அன்றாட வேலைகளைத் தானே எழுதி வைக்கும் நாட்குறிப்பு அது. பள்ளிக் கணினியில் திறந்து பாருங்கள். சிவப்பும் மஞ்சளுமாக எச்சரிக்கைகள் நிற்கும். பதறிடாதீங்க, நல்லா ஓடுற கணினியிலும் அப்படித்தான் இருக்கும்.

2008 வாக்கில் சில கும்பல்களுக்கு இந்தப் பக்கமே மூலதனம் ஆனது. பிரிட்டன், ஆஸ்திரேலியா, அமெரிக்கா என்று வீடுகளுக்குத் தொலைபேசி அழைப்பு போகும்: “மைக்ரோசாஃப்டிலிருந்து பேசுகிறோம், உங்கள் கணினியில் வைரஸ்.” நம்பாதவரிடம் அந்தப் பக்கத்தைத் திறக்கச் சொல்வார்கள். சிவப்பைப் பார்த்ததும் மனுஷன் ஆடிப்போய்விடுவார். பிறகு தொலைவிலிருந்து கணினியை இயக்கும் மென்பொருளை இறக்கச் சொல்வார்கள். கடைசியில் கடன் அட்டை எண். இந்த அழைப்புகளில் பல கொல்கத்தாவிலிருந்து போனவை. 2012 அக்டோபரில் அமெரிக்க வர்த்தக ஆணையம் ஆறு வழக்குகள் தொடுத்தது. ஆட்டம் அதோடு நிற்கவில்லை.

இதில் பூட்டை உடைக்கும் வேலையே இல்லை. 2005-இல் ஜெர்மனியில் தொடங்கிய டீம்வியூவர், அதன் பின் வந்த எனிடெஸ்க், இரண்டுமே உதவி செய்யப் பிறந்தவை. திரையில் ஓர் எண் தோன்றும். அதை நீங்கள் வாசித்துச் சொல்லி, அனுமதியும் கொடுத்தால்தான் மறுமுனைக்காரர் உள்ளே வருவார். திருடன் அந்த எண்ணைத்தான் கேட்கிறான்.

2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கியதும் நாமெல்லாம் திரையைப் பகிரப் பழகினோம். யாரோ சொல்ல, நாம் பொத்தானை அழுத்துவது சாதாரணமாகிப் போனது. அதே ஆண்டில் பாலத்துக்கு அந்தப் பக்கம், சிங்கப்பூரில், தொலைத்தொடர்பு நிறுவன ஊழியர் என்று சொல்லிக்கொண்டு “உங்கள் வைஃபையில் கோளாறு” என அழைப்புகள் குவிந்தன. ஜொகூரில் எத்தனை பேருக்கு அங்கே சம்பளக் கணக்கு இருக்கிறது, யோசித்துப் பாருங்கள்.

நம் பக்கத்தில் 2022-இல் வேறு வேஷம். வீடு சுத்தம் செய்ய ஆள் வேண்டுமா என்று முகநூலில் விளம்பரம். முன்பதிவுக்கு ஒரு செயலி, அதுவும் பிளே ஸ்டோருக்கு வெளியே. இறக்கியவரின் குறுஞ்செய்திகளை அது படித்தது. வங்கி அனுப்பிய டிஏசி எண் நேராகத் திருடனிடம் போனது. இந்த முறை வாசித்துக் காட்டக்கூட வேண்டியிருக்கவில்லை. அந்தச் செப்டம்பரில் பேங்க் நெகாரா, குறுஞ்செய்தி எண்ணைக் கைவிடும்படி வங்கிகளைக் கேட்டுக்கொண்டது. அக்டோபரில் தேசிய மோசடி பதிலளிப்பு மையம் 997 என்ற எண்ணுடன் வந்தது.

ஆனால் உங்கள் கைப்பேசியையே அவன் இயக்கினால், வங்கிச் செயலியும் அவன் கைக்குள்தான். அப்படி மாட்டிக்கொண்டால் வாதாடாதீங்க. முதலில் இணையத்தை அணையுங்கள். வேறொரு கைப்பேசியிலிருந்து உங்கள் வங்கிக்கோ 997-க்கோ அழையுங்கள். கடவுச்சொல்லையும் வேறொரு கருவியில்தான் மாற்ற வேண்டும். சிங்கப்பூர்க் கணக்கு என்றால் அங்குள்ள வங்கியை உடனே அழைக்க வேண்டும். 997 இந்தப் பக்கத்துக்கு மட்டும்தான்.