நியூட்ரான் விண்மீன் எக்ஸ் கதிர் இரட்டைகள்

துணை விண்மீனிலிருந்து வாயுவை ஈர்த்து, அதனால் எக்ஸ் கதிர்களில் ஒளிரும் நியூட்ரான் விண்மீனைக் கொண்ட இரட்டை அமைப்புகள். சூரியனைவிடச் சற்றுக் கூடுதலான நிறை ஏறத்தாழ 12 கி.மீ. ஆரத்துக்குள் அடங்கியிருப்பதால், அதன்மேல் விழும் பொருள் தன் நிறைக்குரிய ஆற்றலில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் வெளிவிடுகிறது. ஹைட்ரஜன் பிணைவில் கிடைப்பது 0.7 விழுக்காடுதான். பூமியின் காற்று எக்ஸ் கதிர்களை விழுங்கிவிடுவதால் இத்துறை ராக்கெட்டுகளோடு பிறந்தது.

1962 ஜூன் 18 நள்ளிரவை ஒட்டி, ரிக்கார்டோ ஜியாக்கோனி குழுவினரின் கைகர் எண்ணிகளைச் சுமந்த ஏரோபீ ராக்கெட் நியூ மெக்சிகோவிலிருந்து கிளம்பியது. சூரியக் கதிர் பட்டு நிலவின் தரை எக்ஸ் கதிர் உமிழ்கிறதா என்று பார்ப்பதே நோக்கம். 80 கி.மீ. உயரத்துக்கு மேல் கிடைத்தது 350 விநாடி. சுழன்றுகொண்டே போன ராக்கெட் ஒரு குறிப்பிட்ட திசையைக் கடந்தபோதெல்லாம் எண்ணிக்கை எகிறியது. அந்தத் திசையில் நிலவு இல்லை. விருச்சிக மண்டலத்து ஸ்கார்ப்பியஸ் எக்ஸ்-1 இப்படித்தான் கிடைத்தது. அது பொருள் ஈர்க்கும் நியூட்ரான் விண்மீன் என 1967இல் வானியலாளர் ஷ்க்லோவ்ஸ்கி சரியாகவே சொன்னார். சான்றுதான் இல்லை.

சான்று தந்தது, கென்யக் கடலோர மேடையிலிருந்து 1970 டிசம்பர் 12 அன்று ஏவப்பட்ட உஹுரு செயற்கைக்கோள். சென்டாரஸ் எக்ஸ்-3 என்ற மூலம் 4.8 விநாடிக்கு ஒருமுறை துடிப்பதை அது காட்டியது. அந்த இடைவெளி மாறாமல் இருக்கவில்லை. சிறிது கூடி, சிறிது குறைந்து, 2.1 நாளில் பழையபடி திரும்பியது. நம்மை நோக்கி வரும்போது துடிப்புகள் நெருங்கும், விலகும்போது தள்ளிப்போகும். அதே 2.1 நாள் ஒழுங்கில் மூலம் துணைக்குப் பின்னால் மறைந்தும் போனது. இருப்பது ஓர் இரட்டை அமைப்பு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. இத்துறையின் பெரிய முடிவுகள் படங்களிலிருந்து வந்தவை அல்ல, நேரக் கணக்கிலிருந்து வந்தவை.

1975இல் என்ஜிசி 6624 என்ற கோளக விண்மீன் கொத்திலிருந்து திடீர் எக்ஸ் கதிர் வெடிப்புகள் பதிவாயின. நியூட்ரான் விண்மீனின் மேற்பரப்பில் சேர்ந்த எரிபொருள் அணுப் பிணைவில் ஒரேயடியாகப் பற்றிக்கொள்வதே காரணம். அதே மூலத்தின் சுற்றுக்காலம் 11 நிமிடமே என்று 1987இல் தெரிந்தது. இரு விண்மீன்களுக்கும் உள்ள தூரம் பூமிக்கும் நிலவுக்கும் உள்ளதில் பாதிகூட இல்லை.

விழும் வாயு தன் சுழற்சியையும் கொண்டுவந்து சேர்க்கிறது. எனவே துடிவிண்மீன்கள், அதாவது சுழற்சியால் துடிப்பதாகத் தெரியும் நியூட்ரான் விண்மீன்கள், ஓய்ந்த பிறகும் மீண்டும் வேகம் பெற்று மில்லிவிநாடிக் கணக்கில் சுழலலாம் என்ற கருத்தை 1982இல் முன்வைத்தோரில், சென்னையில் பிறந்த வி. ராதாகிருஷ்ணனும் ஜி. சீனிவாசனும் அடங்குவர். 1998இல் ரோசி செயற்கைக்கோள், சாக்ஸ் ஜே1808 விநாடிக்கு 401 முறை சுழல்வதைக் கண்டது. வாயுவை ஈர்த்துக்கொண்டே அவ்வளவு வேகமாகச் சுழன்ற முதல் துடிவிண்மீன் அதுவே. 2013இல் எம்28 கொத்தில் ஒரே விண்மீன் பொருள் ஈர்க்கும்போது எக்ஸ் கதிரிலும், வரத்து நின்றதும் சில வாரங்களுக்குள் ரேடியோ அலையிலும் துடித்தது.