ஈஸ்டர்ன் ஸ்டேட் சிறைச்சாலை

ஈஸ்டர்ன் ஸ்டேட் சிறைச்சாலை அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் பிலடெல்பியா நகரில் உள்ளது. 1829இல் திறக்கப்பட்டு 1971 வரை சிறையாக இயங்கியது. 1994 முதல் சுற்றுலாத் தலமாகவும் அருங்காட்சியகமாகவும் இருந்துவருகிறது. இங்கே கடைப்பிடித்த தனிமைச் சிறை முறையும் இதன் கட்டட அமைப்பும் உலகெங்கும் ஏறத்தாழ 300 சிறைகளுக்கு முன்மாதிரியாயின.

இது இரக்கத்தில் பிறந்த சிறை. பதினெட்டாம் நூற்றாண்டில் பிலடெல்பியாவின் சிறையில் ஆண், பெண், சிறுவர், கொலையாளி, கடனாளி என்று பாராமல் எல்லோரையும் ஒரே கூடத்தில் அடைத்துவைத்தார்கள். இதைக் கண்டு மனம் வெதும்பியவர்கள் 1787இல் பெஞ்சமின் பிராங்க்ளின் வீட்டில் கூடிச் சிறைச் சீர்திருத்தம் பற்றி விவாதித்தனர். அவர்களுள் மருத்துவர் பெஞ்சமின் ரஷ் முக்கியமானவர். குற்றவாளியைத் தனியே இருக்க விட்டால் தன் மனச்சாட்சியோடு பேசித் திருந்துவான் என்பது அவர்கள் நம்பிக்கை. குவேக்கர் கிறித்தவர்களின் மௌன வழிபாட்டுச் சிந்தனையும் அதற்குத் துணைநின்றது. கட்டுமானம் 1822இல் தொடங்கியது. வரைபடம் இங்கிலாந்தில் பிறந்த கட்டடக் கலைஞர் ஜான் ஹேவிலண்டுடையது.

நடுவில் ஒரு வட்டக் கூடம். வண்டிச் சக்கரத்தின் குடத்திலிருந்து ஆரக்கால்கள் போவதுபோல அதிலிருந்து ஏழு சிறைத் தொகுதிகள். கூடத்தில் நிற்கும் காவலர் நின்ற இடத்திலேயே திரும்பி எல்லா நடைக்கூடங்களையும் பார்த்துவிடலாம். சுற்றிலும் 30 அடி உயர மதில். வெளிமுகம் இடைக்காலக் கோட்டையின் சாயலில் எழுப்பப்பட்டது. பார்த்தாலே குற்றம் செய்ய அஞ்ச வேண்டும் என்பது நோக்கம். அந்தமானின் செல்லுலார் சிறையை அறிந்தவர்களுக்கு இந்த அமைப்பு புதிதல்ல. நடுக் கோபுரம், ஏழு கிளைகள், ஆளுக்கொரு கொட்டடி என அங்கும் இதே கோட்பாடுதான்.

கொட்டடிக்குள் வெளிச்சம் வளைந்த கூரையிலிருந்த சிறு துளை வழியாக மட்டுமே வந்தது. ஒவ்வொரு கொட்டடியிலும் கழிப்பறையும் தண்ணீர்க் குழாயும் இருந்தன. 1829இல் குடியரசுத் தலைவர் ஆண்ட்ரூ ஜாக்சன் வாழ்ந்த வெள்ளை மாளிகையில் குழாய்த் தண்ணீர் கிடையாது. கைதி யாரையும் பார்க்காமல், யாரோடும் பேசாமல் காலம் முழுவதும் கழிக்க வேண்டும் என்பதற்காகவே இத்தனை வசதியும். சாப்பாடு கதவிலிருந்த திறப்பு வழியாக உள்ளே போகும். நாளுக்கு ஒரு மணி நேரம் கொட்டடியை ஒட்டிய, மதில் சூழ்ந்த சிறு முற்றத்தில் நடக்கலாம். வெளியே அழைத்துச் செல்லும்போது முகத்தை மூடித் துணி மாட்டுவார்கள். கைதிகளோ குழாய்களைத் தட்டியும் முற்றத்து மதிலுக்கு மேலே சீட்டு எறிந்தும் பேசிக்கொண்டார்கள். பேச்சை அடக்க இரும்பு வாய்ப்பூட்டு பயன்படுத்தப்பட்டது. 1833இல் அதை மாட்டியபோது ஒரு கைதி இறந்தார். சட்டமன்ற விசாரணையும் நடந்தது.

1831இல் பிரெஞ்சு அறிஞர் தொக்வில், நண்பர் போமோனுடன் இங்கே வந்து கைதிகளைச் சந்தித்தார். 1842இல் வந்த சார்லஸ் டிக்கன்ஸ், தனிமை மனத்துக்குச் செய்யும் கேடு எந்த உடல் வதையையும் விஞ்சியது என்று தம் அமெரிக்கப் பயண நூலில் கண்டித்தார். அவர் சொன்னதே சரி. ஆனால் அதற்குப் பிறகும் முறை மாறவில்லை. கைதிகள் பெருகப் பெருக இடம் போதாமல் தனிமை தானாகவே குலைந்தது. அதிகாரபூர்வமாகக் கைவிடப்பட்டது 1913இல்தான்.

பின்னாளில் புகழ்பெற்ற கைதி அல் கபோன். சிகாகோவின் இந்தக் கும்பல் தலைவர் சட்டவிரோதமாகத் துப்பாக்கி வைத்திருந்ததற்காகப் பிடிபட்டு, 1929, 1930ஆம் ஆண்டுகளில் ஏறத்தாழ எட்டு மாதங்கள் இங்கே இருந்தார். அவரது அறையில் கம்பளமும் ஓவியங்களும் ரேடியோவும் இருந்ததாக அன்றைய நாளிதழ் எழுதியது. கிளாரன்ஸ் கிளைன்டின்ஸ்ட் கதை இதைவிட வியப்பானது. சிறையில் சுவர்ப் பூச்சு வேலை பார்த்த அவர், தன் கொட்டடியிலிருந்து மதிலுக்கு அப்பால்வரை ஏறத்தாழ 100 அடி நீளத்துக்குச் சுரங்கம் தோண்டினார். விளக்கும் காற்று வசதியும்கூட அதில் உண்டு. 1945 ஏப்ரலில் வங்கிக் கொள்ளையர் வில்லி சட்டன் உட்பட 12 பேர் அதன் வழியே தப்பினர். எல்லோரும் பிடிபட்டனர்.

1965இல் இது தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. மூடப்பட்ட பின் கூரைகள் இடிந்தன, கொட்டடிகளுக்குள் மரங்கள் வளர்ந்தன, பூனைகள் குடியேறின. 1980இல் நகராட்சி இதை வாங்கியது. இடித்துக் கடைகளும் குடியிருப்புகளும் கட்டும் திட்டங்களை ஆர்வலர்கள் எதிர்த்து நிறுத்தினர். புதுப்பித்துப் பளபளப்பாக்காமல், மேலும் சிதையாதபடி மட்டும் காப்பது என்ற கொள்கையைப் பராமரிப்பாளர்கள் வகுத்துக்கொண்டனர். மிக நல்ல முடிவு அது. இன்றும் பல கொட்டடிகளில் உதிர்ந்த சுண்ணச் சாந்தும் துருப்பிடித்த கட்டிலும் கிடந்தபடியே உள்ளன. தொடக்க ஆண்டுகளில் பார்வையாளர்கள் தலைக்கவசம் அணிந்தே உள்ளே போனார்கள். சிறைக்குள்ளிருந்த யூத வழிபாட்டுக் கூடமோ முழுமையாகச் சீரமைக்கப்பட்டது.

1991 முதல் ஹாலோவீன் காலத்தில் நடக்கும் இரவு நிகழ்ச்சிகள் பராமரிப்புக்கு நிதி தருகின்றன. மனிதர் வாடிய இடத்தைத் திகில் கேளிக்கையாக்குவது தகுமா என்ற கேள்வி நியாயமானது. அதை அருங்காட்சியகம் தன் பகல் நேரப் பணியால் பெருமளவு ஈடுசெய்கிறது. முற்றத்தில் 2014இல் நிறுவிய 16 அடி உயர எஃகு வரைபடம், அமெரிக்காவில் சிறைப்பட்டோர் விகிதம் 1970களுக்குப் பின் எப்படிச் செங்குத்தாக ஏறியது என்பதையும் பிற நாடுகளின் விகிதத்தையும் காட்டுகிறது. 2016இல் இன்றைய சிறைகளைப் பற்றிய நிரந்தரக் கண்காட்சி திறக்கப்பட்டது. சிறைத் தண்டனை முடித்து வந்தவர்களும் இங்கே வழிகாட்டிகளாகப் பணியாற்றியுள்ளனர்.