சிவப்புத் துணி, குட்டிக் காந்தம், அப்பாவின் ஆறு மைல்

டிஸ்கி: கொஞ்சம் நீளமான பதிவு. நடுவுல அமெரிக்கா, ரோம் எல்லாம் போயிட்டு வருவேன். கடைசியில பெரம்பலூர் பக்கம் எங்க ஊருக்கே கொண்டுவந்து விட்டுடுவேன், பயப்படாதீங்க.

எங்க அப்பா ஹைஸ்கூல் படிக்க சைக்கிள்ல போக ஆறு மைல், வர ஆறு மைல் போனவர். இது எங்க வீட்டு தேசிய கீதம் மாதிரி. நான் ஸ்கூல் பஸ்ஸை விட்ட நாள், மார்க் கம்மியான நாள், ஏசி போடுன்னு கேட்ட நாள், எல்லா நாளும் பாடப்படும். உங்க வீட்லயும் ஒண்ணு இருக்கும். அந்த ஆறு மைலை ஒரு நாள் அளந்து பார்க்கணும்னு எனக்கு ரொம்ப நாளா ஒரு குரூர ஆசை.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போறப்ப ஒரு சைக்கிள் கம்ப்யூட்டர் வாங்கிட்டுப் போனேன். ஜிபிஎஸ் வெச்சது வாங்கற காசுக்கு ஒரு நல்ல சைக்கிளே வாங்கலாம். அதனால ஆயிரம் ரூபாய்க்குள்ள, ஒயர் வெச்சது. ஒயர் இல்லாததும் இருக்கு. ஆனா அதுல சென்சாருக்கு தனியா ஒரு பேட்டரி போடணும், சில மாடல்ல பக்கத்துல ஏதாவது எல்இடி லைட் எரிஞ்சா சிக்னல் குழம்பும். எனக்கு வேண்டியது வேகம், தூரம், நேரம், அவ்ளோதான். நுப்பது ரூபாய் பட்டன் செல் எங்க ஊர் வாட்ச் கடையிலயே கிடைக்கும்ல.

வாங்கினப்புறம்தான் இது உள்ள என்ன பண்ணுதுன்னு தேட ஆரம்பிச்சேன். தேடினா இதுக்குப் பின்னாடி ரெண்டாயிரம் வருஷக் கதை இருக்கு.

சக்கரத்தை வெச்சு தூரம் அளக்கறது ரோமானியர் காலத்து யோசனை. விட்ருவியஸ்னு ஒரு கட்டடக்கலைஞர் கி.மு. முதல் நூற்றாண்டுல எழுதின புத்தகத்துல ஒரு வண்டியைப் பத்தி விவரிக்கிறார். சக்கரத்தோட சுற்றளவு 12½ அடி. 400 சுத்து சுத்தினா 5000 அடி, அதாவது ஒரு ரோமானிய மைல். அப்ப பல்சக்கரம் வழியா ஒரு கூழாங்கல் பாத்திரத்துல 'டங்'னு விழும். சாயங்காலம் கல்லை எண்ணினா எத்தனை மைல்னு தெரிஞ்சுடும். சீனாவிலயும் வண்டி ஒரு 'லீ' தூரம் போனா மரப்பொம்மை முரசு அடிக்கிற மாதிரி செஞ்சிருக்காங்க.

நம்ம ஊர்லயும் சக்கரம் உருட்டினவங்க உண்டு. கம்பெனி காலத்து சர்வேயர்கள் பெராம்புலேட்டர்னு ஒரு ஒத்தைச் சக்கரத்தைத் தள்ளிக்கிட்டே சாலைகளை அளந்தாங்க. ஆனா சக்கரம் மேடு பள்ளம் எல்லாத்துலயும் ஏறி இறங்கி அதையும் சேர்த்து எண்ணிடும். அதனாலதான் 1802 ஏப்ரல்ல லாம்டன் பரங்கிமலைப் பக்கம் தன்னோட ஏழரை மைல் அடிக்கோட்டை அளந்தப்ப சக்கரத்தை நம்பாம நூறடி எஃகுச் சங்கிலியை எடுத்தார்.

எனக்கு ரொம்பப் பிடிச்ச ஆள் இவங்க யாரும் இல்ல. வில்லியம் க்ளேட்டன்னு ஒரு குமாஸ்தா.

1847. மார்மன் மதப்பிரிவைச் சேர்ந்த முதல் கூட்டம் மாட்டுவண்டி, குதிரைவண்டி கட்டிக்கிட்டு அமெரிக்காவோட மேற்கு நோக்கிப் போகுது. இன்னிக்கு சால்ட் லேக் சிட்டி இருக்கிற இடத்துக்கு. பின்னாடி ஆயிரக்கணக்கான பேர் வரப்போறாங்க. தண்ணி எத்தனை மைல்ல, புல்லு எத்தனை மைல்லன்னு அவங்களுக்கு எழுதிவைக்கணும். தினமும் ராத்திரி கேம்ப் போட்டதும் "இன்னிக்கு எவ்ளோ வந்திருப்போம்?"னு பேச்சு வரும். ஆளாளுக்கு ஒரு கணக்கு சொல்லுவாங்க. க்ளேட்டனுக்கு இவங்க எல்லாரும் கூட்டிச் சொல்றாங்கன்னு சந்தேகம்.

அவர் என்ன பண்ணார்னா, ஒரு வண்டியோட பின்சக்கரத்தை அளந்தார். 14 அடி 8 அங்குலம். கணக்குப் போட்டுப் பார்த்தா சரியா 360 சுத்து ஒரு மைல். ஆண்டவனே அனுப்பின மாதிரி ஒரு எண்! ஆரக்கால்ல ஒரு சிவப்புத் துணியைக் கட்டினார். மே 8-ம் தேதி நாள் முழுக்க வண்டி பக்கத்துலயே நடந்து, துணி மேல வர்றப்பல்லாம் எண்ணினார். மொத்தம் 4070. அதாவது பதினொன்னே கால் மைலும் கூட 20 சுத்தும். மத்தவங்க அன்னிக்கு சொன்ன கணக்கு 13, 14 மைல்!

யோசிச்சுப் பாருங்க. நாலாயிரத்து எழுபது. நடுவுல ஒருத்தர் வந்து "என்னப்பா, சாப்டியா?"ன்னு கேட்டா போச்சு. நானெல்லாம் அம்பது தோப்புக்கரணத்துலயே கணக்கு விடற ஆளு.

எத்தனை நாளைக்கு இப்படி எண்ண முடியும்? ஓர்சன் ப்ராட்னு கணக்கு தெரிஞ்ச ஒருத்தர் டிசைன் சொல்ல, ஆப்பிள்டன் ஹார்மன்னு ஒரு தச்சர் சில நாள்லயே மரத்துல ஒரு மீட்டரைச் செஞ்சுட்டார். சக்கரம் ஆறு சுத்து சுத்தினா ஒரு திருகுத்தண்டு ஒரு சுத்து சுத்தும். அது 60 பல் இருக்கிற ஒரு சக்கரத்தை ஒவ்வொரு பல்லா தள்ளும். ஆறு அறுபது முந்நூத்தறுபது, ஒரு மைல். அப்புறம் ஹார்மன் இதை நான்தான் கண்டுபிடிச்சேன்னு சொல்லிக்க ஆரம்பிக்க, க்ளேட்டன் டைரியில பொருமித் தள்ளியிருக்கார். ஐடியா ஒருத்தர், கோடிங் ஒருத்தர், க்ரெடிட் யாருக்கு? எங்க ஆபீஸ்ல தினமும் நடக்கிறதுதான் :-)

க்ளேட்டனோட கணக்கு 1848-ல வழிகாட்டிப் புத்தகமாவே வந்தது. பின்னாடி வந்தவங்க அதை நம்பித்தான் நடந்தாங்க.

இப்ப சைக்கிளுக்கு வருவோம். முன்சக்கரம் ஆளுயரம் இருந்த பழைய சைக்கிள்ல தூரம் காட்டுற மீட்டர் ஹப்புல தொங்கும், பெருசா இருக்கும். 1890கள்ல இன்னிக்கு நாம ஓட்டுற மாதிரி சைக்கிள் வந்து அமெரிக்காவுக்கே பைத்தியம் பிடிச்ச சமயம். ஒரே நாள்ல நூறு மைல் ஓட்டினேன்னு பேட்ஜ் குத்திக்கிட்டுத் திரிஞ்ச காலம். நூறு மைல்னு சொன்னா யார் நம்பறது? அங்கதான் கர்டிஸ் வீடர் வர்றார். அவரும் இஞ்சினியர் (நம்ம ஜாதி!). 1895-ல கனெக்டிகட் மாநிலத்துல ஹார்ட்ஃபோர்ட் ஊர்ல 'சைக்ளோமீட்டர்' செஞ்சு விக்க ஆரம்பிச்சார். ஒரு அவுன்ஸ் எடை, நம்ம கணக்குல 28 கிராம். விலை ஒன்றரை டாலர். ஸ்போக்ஸ்ல ஒரு சின்ன முள்ளு. சக்கரம் ஒரு சுத்து வந்தா அது மீட்டர்ல இருக்கிற நட்சத்திரப் பல்சக்கரத்தை ஒரு தட்டு தட்டும். 'டிக்'. அவ்ளோதான் விஷயம்.

இதுல ஒண்ணு கவனிங்க. 28 இஞ்ச் சக்கரத்தோட சுற்றளவு 28 பெருக்கல் பை, கிட்டத்தட்ட 88 இஞ்ச். ஒரு மைலுக்கு 63,360 இஞ்ச். வகுத்தா 720 சுத்து. வீடரோட மீட்டர் உள்ள இருந்த பல்லெல்லாம் இந்த எண்ணை நம்பி வெட்டினது. அதனால 26 இஞ்ச் சக்கரத்துக்கு ஒரு மாடல், 28-க்கு வேற மாடல்னு வித்தாங்க. மாத்தி வாங்கினா ஆயுசுக்கும் பொய்தான் சொல்லும். (அந்தக் கம்பெனி பின்னாடி வீடர்-ரூட்னு ஆகி பெட்ரோல் பம்புல உருளுற எண்களைச் செஞ்சது. எண்ணுறதுதான் தொழில், எதை எண்ணினா என்ன!)

அப்புறம் பிரான்ஸ்ல ஊரே மல்டிட்டோன்னு (கம்பெனி பேரே ஊரேதான்) டிக் சத்தம் இல்லாம குட்டி ரப்பர் பெல்ட்ல ஓடுற மீட்டர் வந்தது. 1980களோட தொடக்கத்துல ஜப்பான்ல ஒசாகாவோட கேட்ஐ மாதிரி கம்பெனிகள் எல்சிடி திரை வெச்சதைக் கொண்டுவந்தாங்க.

இன்னிக்கு நான் வாங்கினதும் அந்த வம்சம்தான். ஸ்போக்ஸ்ல ஒரு குட்டிக் காந்தம், ஃபோர்க்குல ஒரு ரீட் ஸ்விட்ச். கண்ணாடிக் குழாய்க்குள்ள ஒட்டியும் ஒட்டாம ரெண்டு மெல்லிய தகடு. காந்தம் கிட்ட வந்தா ஒட்டும், போனா விலகும். 1936-ல பெல் லேப்ஸ்ல வால்டர் எல்வுட் கண்டுபிடிச்சது, டெலிபோன் எக்ஸ்சேஞ்சுகள்ல லட்சக்கணக்குல இருந்தது. க்ளேட்டனோட சிவப்புத் துணி காந்தமா ஆயிடுச்சு, க்ளேட்டன் ரீட் ஸ்விட்ச்சா ஆயிட்டார். மீதி ஒண்ணும் மாறல. அந்தப் பெட்டிக்கு தூரமே தெரியாது. சுத்து மட்டும்தான் தெரியும். ஒரு சுத்துக்கு எத்தனை மில்லிமீட்டர்னு நாமதான் சொல்லணும்.

அதைத்தான் நான் சொல்லல.

பொங்கல் மறுநாள் காலையில அப்பாவோட பழைய பெரிய சைக்கிள்ல மாட்டினேன். பேட்டரி போட்டதும் ஏதோ நாலு எண் வந்தது, ஓகே ஓகேன்னு அமுக்கிட்டேன். மேனுவல் படிக்கிறதெல்லாம் இஞ்சினியருக்கு இழுக்கு இல்லையா. பைபாஸ் எடுக்காம பழைய ரோட்டுலயே அந்தப் பள்ளிக்கூட வாசல் வரைக்கும் மிதிச்சேன். 8.9 கிலோமீட்டர். அஞ்சரை மைல்.

திரும்பி வந்து திண்ணையில உக்காந்திருந்த அப்பாகிட்ட, அம்மா, சித்தப்பா எல்லாரும் இருக்கிறப்ப, "ஆறு மைல் இல்லப்பா, அஞ்சரைதான், மிஷினே சொல்லுது"ன்னு காமிச்சேன். எல்லாரும் சிரிச்சாங்க. சித்தப்பா "இத்தனை வருஷமா ஏமாத்திட்டியேண்ணே"ன்னார். அப்பா அந்தத் திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "மிஷின் சொன்னா சரியாத்தான் இருக்கும்"னு சொல்லிட்டு உள்ள போயிட்டார். மிச்ச நாள் பூரா ஆறு மைல் பேச்சே எடுக்கல. எனக்கு என்னமோ மாதிரி ஆயிடுச்சு.

க்ளேட்டன் கதையைப் படிச்சது அன்னிக்கு ராத்திரிதான். எல்லாரும் கூட்டித்தான் சொல்லுவாங்கன்னு என் பக்கம் சாட்சி கிடைச்ச சந்தோஷத்துல படிச்சுக்கிட்டே போனேன். 14 அடி 8 அங்குலம்னு வந்த இடத்துல டக்குனு நின்னேன். அவர் முதல்ல சக்கரத்தை அளந்தார். நான்?

மேனுவலை எடுத்தேன். தானா வந்திருந்த எண் 2050. அது 26 இஞ்ச் மலை சைக்கிள் டயரோட சுற்றளவு. அப்பாவோடது 28 இஞ்ச், ஒன்றரை இஞ்ச் டயர்.

காலையில டயர்ல ஒரு சாக்பீஸ் கோடு, தரையில ஒரு கோடு. ஆள் உக்காந்தா டயர் கொஞ்சம் அமுங்கும், அதனால நான் மேல உக்கார சித்தப்பா பையன் பிடிச்சுக்கிட்டு ஒரு முழு சுத்து உருட்டினான். டேப்ல 2210 மில்லிமீட்டர். 8.9-ஐ 2210-ஆல பெருக்கி 2050-ஆல வகுங்க. 9.6 கிலோமீட்டர். ஆறு மைல்ங்கிறது 9.66.

கணக்குப் போட்டா போதாதுன்னு எண்ணை மாத்திட்டு மறுபடியும் போனேன். அதே 9.6. நீங்க வாங்கறதா இருந்தா, சுற்றளவை மில்லிமீட்டர்ல போட விடற மாடலா பார்த்து வாங்குங்க. 24, 26, 28னு டயர் சைஸ் மட்டும் காட்டி தேர்ந்தெடுக்கச் சொல்றது வேண்டாம்.

வந்து அப்பாகிட்ட சொன்னேன். எல்லாரையும் கூப்பிட்டுத்தான் சொன்னேன். "மிஷின் சரிதாம்ப்பா, நான்தான் தப்பா சொல்லிக் குடுத்துட்டேன். ஆறு மைல்தான்." அவர் பேப்பர்லேர்ந்து தலையைத் தூக்காம "அதுக்கு எதுக்குடா ரெண்டு தடவை போன? என்னைக் கேட்டா நானே சொல்லியிருப்பேன்ல"ன்னார்.

மீட்டரைக் கழட்டாம அவர் சைக்கிள்லயே விட்டுட்டு வந்தேன். தினமும் டீக்கடைக்கும் வயலுக்கும் போயிட்டு இருக்கார் போல. நேத்து போன் பண்ணார். "214னு காட்டுது. பேட்டரி மாத்தினா அழிஞ்சு போயிடுமாடா?"

"இந்த மாடல்ல அழிஞ்சுடும்ப்பா. எங்கயாவது எழுதி வெச்சுக்கோங்க."

"எழுதாமயா? மொத நாள்லேர்ந்து காலண்டர்ல எழுதிக்கிட்டுத்தான வரேன்"ங்கிறார்.