லேசர் முறையில் பச்சை நீக்கிய பின் தோலைப் பராமரித்தல்

டாட்டூ என்று இன்று சொல்லப்படும் பச்சையை லேசர் கதிரால் நீக்கிக்கொண்டவர்களுக்கும், வீட்டில் அவர்களைக் கவனித்துக்கொள்பவர்களுக்கும் உரிய விளக்கம் இது. சோழவரம், செங்குன்றம், கும்மிடிப்பூண்டிப் பகுதிகளில் வெயிலிலும் உலை வெப்பத்திலும் வேலை செய்வோருக்குக் கூடுதல் கவனம் தேவைப்படுவதால், அவர்களை மனத்தில் கொண்டே இது எழுதப்பட்டுள்ளது.

மை எப்போது மறைகிறது?

பச்சையின் மை தோலின் மேற்பரப்பில் இருப்பதில்லை. அதற்குக் கீழே உள்ள உட்தோலில் தங்கியிருக்கிறது. லேசர் கருவி, ஒரு வினாடியை நூறு கோடியாகப் பகுத்தால் அதில் சில பங்கு நேரமே நீடிக்கும் ஒளித்துடிப்புகளைச் செலுத்தி மைத்துகள்களை நொறுக்குகிறது. நொறுங்கிய துகள்களை உடலின் பாதுகாப்பு அணுக்கள் விழுங்கி, நிணநீர் வழியாகச் சிறிது சிறிதாக அகற்றுகின்றன. ஆகவே மை மறைவது சிகிச்சை அறையில் அன்று. வீடு திரும்பிய பின் வரும் வாரங்களில்தான். இதனால்தான் ஓர் அமர்வுக்கும் அடுத்த அமர்வுக்கும் இடையே 6 முதல் 8 வாரங்கள் விடப்படுகின்றன. தொழில்முறைக் கலைஞர் குத்திய பச்சைக்கு 6 முதல் 10 அமர்வுகள் வரை ஆகலாம்; சிலருக்கு அதற்கு மேலும் தேவைப்படும். கரி மையால் கையால் குத்திய பழைய பச்சை பெரும்பாலும் இதைவிட விரைவில் மங்கும்.

ஆள்சேர்ப்புக்காக நீக்குபவர்கள் கவனத்திற்கு

எங்கள் பகுதியில் பச்சையை நீக்க வரும் இளைஞர்களில் பலர் இராணுவத்திற்கோ காவல் படைகளுக்கோ விண்ணப்பித்திருப்பவர்கள். முதலில் ஆள்சேர்ப்பு அறிவிக்கையைப் படியுங்கள். முன்கையின் உட்புறத்திலும் புறங்கையிலும் உள்ள பச்சையை இராணுவம் ஏற்கிறது. மத்திய ஆயுதக் காவல் படைகளில், முன்கையைப் பொறுத்தவரை, வணக்கம் செலுத்தாத இடக்கையின் உட்புறத்தில் இருந்தால் மட்டுமே ஏற்கப்படும். அளவுக்கும் வரம்பு உண்டு. நீக்கத் தேவையில்லாத பச்சையை நீக்கக் கேட்டு வருபவர்களும் இருக்கிறார்கள்.

நீக்கியே ஆக வேண்டும் என்றால் ஓராண்டுக்கு முன்பே தொடங்குங்கள். உடல்தகுதித் தேர்வுக்கு ஒரு மாதமே இருக்கும்போது வந்து, இரண்டு வாரங்களுக்கு ஒருமுறை லேசர் செய்யுமாறு வற்புறுத்துவதால் பயன் இல்லை. புண் ஆறும் முன் மீண்டும் சுட்டால் தழும்பு நிலைத்துவிடக்கூடும். ஆறாத புண்ணோடும் அழியாத பச்சையோடும் தேர்வுக்குச் செல்ல நேரிடும்.

முதல் இரண்டு வாரங்கள்

லேசர் பட்டவுடன் தோல் சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுத்து, அரை மணி நேரத்திற்குள் இயல்பாகும். பிறகு சிவப்பு, வீக்கம், ஊசிமுனை அளவு இரத்தக்கசிவு தோன்றலாம். ஓரிரு நாட்களில் கொப்புளம் எழுவதும், அதில் சற்றே இரத்தம் கலந்த நீர் இருப்பதும் உண்டு. பார்க்க அச்சமூட்டினாலும் இவை எதிர்பார்க்கக்கூடியவையே.

முதல் நாளில், துணியில் சுற்றிய குளிர் ஒத்தடத்தைப் பத்து நிமிடம் வைத்து எடுங்கள். பனிக்கட்டியை நேரடியாக வைக்காதீர்கள். வலி இருந்தால், உங்களுக்கு ஒத்துக்கொள்ளும் எனில், பாராசிட்டமால் போதும். மறுநாள் முதல், கையைச் சோப்பிட்டுக் கழுவிய பின், காயத்தை மென்மையான சோப்பாலும் சுத்தமான நீராலும் கழுவி, தேய்க்காமல் ஒற்றி உலர்த்துங்கள். பெட்ரோலியம் ஜெல்லியை மெல்லியதாகத் தடவி, ஒட்டாத காயத்துணியால் மூடுங்கள். கட்டு வியர்வையில் நனைந்தால் உடனே மாற்றுங்கள். கட்டு மாற்றுபவர் வேறொருவராயின் அவரும் கை கழுவ வேண்டும்.

கொப்புளத்தை உடைக்காதீர்கள். அதன் மேல்தோல்தான் அடியிலுள்ள புண்ணுக்கு இயற்கையான கட்டு. தானே உடைந்தால் தோலை உரிக்காமல், கழுவி, ஜெல்லி தடவி மூடுங்கள். பொருக்கு தானே உதிரட்டும். அரிப்பு வரும், நகம் படக் கூடாது. குழந்தை இருக்கும் வீடுகளில், தூக்கி விளையாடும்போது காயம் உரசாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

புண் மூடும் வரை ஏரி, குளம், கிணற்றில் குளிப்பதைத் தவிருங்கள். சோழவரம் ஏரி நிரம்பியிருக்கும் நாட்களில் இந்த அறிவுரையை எவரும் விரும்புவதில்லை. ஆயினும் தேங்கிய நீரிலுள்ள கிருமிகள் திறந்த புண்ணில் எளிதில் புகும்.

மஞ்சள், பற்பசை, சுண்ணாம்பு, தேங்காய் எண்ணெய் ஆகியவற்றைப் புண்ணின்மேல் பூச வேண்டாம். எஞ்சிய மையை விரைவில் எடுக்க எண்ணி அமிலமோ முந்திரிக்கொட்டை எண்ணெயோ தடவினால், அது தோலை வெந்துபோகச் செய்யும். மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் வெண்மையாக்கும் களிம்புகளும் ஆபத்தானவை. அவற்றில் பலவற்றில் கலந்துள்ள ஸ்டீராய்டு புண் ஆறுவதைத் தாமதப்படுத்தி, தோலை மெலியச் செய்யும்.

வெயிலும் வெல்டிங் ஒளியும்

நம் தோலின் நிறத்திற்குக் காரணமான மெலனினும் லேசர் ஒளியை உறிஞ்சும். ஆகவே மாநிறமும் கருமையும் கொண்ட தோலில் கருமை படர்வதும் வெளுப்பதும் கூடுதலாக நேர்கின்றன. கறுப்பு மைக்கு 1064 நானோமீட்டர் அலைநீளம் நமக்குப் பாதுகாப்பானது. சிவப்பு மைக்குப் பயன்படும் 532 நானோமீட்டரில் நிறமாற்றம் நேர வாய்ப்பு அதிகம். எந்த அலைநீளம் பயன்படுத்தப்படுகிறது என்று உங்கள் மருத்துவரிடம் கேட்கலாம், கேட்பதில் தவறில்லை.

ஆறி வரும் தோலில் வெயில் பட்டால் கருமை பல மாதங்கள் நிற்கும். புண் திறந்திருக்கும் வரை நெருக்கமாக நெய்த துணியால் மூடுங்கள். தோல் மூடிய பின் எஸ்.பி.எஃப். 30 அல்லது அதற்கு மேற்பட்ட சன்ஸ்கிரீனை, வெளியில் இருக்கும்போது இரண்டு மணி நேரத்திற்கு ஒருமுறை பூசுங்கள். கடைசி அமர்வுக்குப் பின்னும் மூன்று மாதம் இதைத் தொடர்வது நல்லது.

பலர் அறியாத ஒன்று: வெல்டிங் சுடரிலும் புறஊதாக் கதிர் உண்டு. கூரைக்கு அடியில் வேலை செய்வதால் வெயில் படாது என்று எண்ணும் வெல்டர், சன்ஸ்கிரீனை நம்பாமல் தோல் உறையும் முழுக்கைச் சட்டையும் அணிய வேண்டும். உருக்காலையிலோ அரிசி ஆலையிலோ வேலை செய்பவர், கொப்புளம் வற்றும் வரை உலை, கொதிகலன் அருகிலான பணியிலிருந்து மாற்றுப் பணி கேட்கலாம். எண்ணெயும் உலோகத்தூளும் படும் இடமாயின் காயத்தை முழுமையாக மூடிச் செல்லுங்கள்.

நீக்கிய இடம் வெளுத்துத் தெரிந்தால், அது வெண்புள்ளி நோய் என்று குடும்பத்தார் அஞ்சுவது உண்டு. லேசரால் அந்த இடத்து நிறமி குறைந்ததே பெரும்பாலும் காரணம். இது தொற்றாது, பலருக்குக் காலப்போக்கில் நிறம் திரும்பும், சிலருக்கு நிலைத்துவிடுவதும் உண்டு.

எப்போது மருத்துவரைப் பார்க்க வேண்டும்?

மூன்றாம் நாளுக்குப் பின் வலி குறையாமல் கூடினாலோ, சிவப்பு பரவினாலோ, சீழ், காய்ச்சல், காயத்திலிருந்து மேல்நோக்கி ஓடும் சிவந்த கோடு தோன்றினாலோ அன்றே செல்லுங்கள். நீரிழிவு உள்ளவர் இதில் ஒரு நாளும் தள்ளிப்போடக் கூடாது. உடல் முழுதும் தடிப்பு, முகவீக்கம், மூச்சுத்திணறல் ஏற்பட்டால் 108ஐ அழையுங்கள். சில வாரங்கள் கழித்து அந்த இடம் தடித்து மேலெழுந்தால், அது கெலாய்டு தழும்பாக இருக்கலாம். மார்பிலும் தோளிலும் இது அதிகம். தொடக்கத்திலேயே காட்டினால் கட்டுப்படுத்த இயலும். அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் முதலில் காட்டலாம். தேவைப்பட்டால் திருவள்ளூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ, சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையின் தோல் நோய்ப் பிரிவுக்கோ பரிந்துரைக்கப்படுவீர்கள்.

திருவிழாவிலோ சந்தையிலோ, பலருக்குப் பயன்படுத்திய ஊசியால் பச்சை குத்திக்கொண்டவர்கள் எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி பரிசோதனை குறித்தும் மருத்துவரிடம் கேளுங்கள். எச்.ஐ.வி. பரிசோதனை அரசு மருத்துவமனைகளிலுள்ள நம்பிக்கை மையங்களில் இலவசமாகவும் இரகசியமாகவும் செய்யப்படுகிறது.

அடுத்த அமர்வுக்குச் செல்லும் நாளில் தோலை விரலால் தடவிப் பாருங்கள். பொருக்கோ சிவப்போ கசிவோ எஞ்சியிருந்தால், தேதி குறித்திருந்தாலும் மருத்துவரிடம் சொல்லித் தள்ளிவைக்கக் கேளுங்கள்.