எம்மோடு வந்திறங்கிய அணி

ஒரு நகரத்தில் குடியேறியவர் எந்நாளில் அந்நகரத்தவர் ஆகின்றார்? குடியுரிமைப் பத்திரம் கைக்குக் கிடைக்கும் நாளே அந்நாள் எனச் சட்டம் கூறும். நடைமுறை வாழ்க்கையில் இன்னோர் அளவுகோலும் உண்டு. அந்நகரத்தின் விளையாட்டு அணி தோல்வியுற்ற இரவில் எவருக்குச் சோறு இறங்கவில்லையோ, அவர் அந்நகரத்தவர் ஆகிவிட்டார் என்பதே அது. இவ்வளவுகோலைக் கொண்டு ரொறன்ரோ மாநகரின் மூன்று பெரும் அணிகளின் வரலாற்றை நோக்குமிடத்து, அவற்றுள் ஒன்று ஏனையவற்றிலும் பார்க்க எமக்கு நெருங்கியதாக இருப்பதைக் காணலாம். ராப்ரர்ஸ் எனும் கூடைப்பந்தாட்ட அணியே அது. அந்நெருக்கத்துக்குத் தக்க காரணம் உண்டு. அவ்வணியின் வரலாறு, பிறந்த மண்ணை விட்டு வந்தவர்களாகிய எம்மிடம் ஒரு கேள்வியையும் கேட்டு நிற்கின்றது.

ஊர்ப்பற்றும் அணிப்பற்றும் எமக்குப் புதியன அல்ல. யாழ்ப்பாணத்தில் மத்திய கல்லூரிக்கும் பரி. யோவான் கல்லூரிக்கும் இடையே 1904 இல் தொடங்கிய துடுப்பாட்டப் போட்டி, 'வடக்கின் பெருஞ்சமர்' எனப் பெயர் பெற்றது. அப்போட்டியில் தாம் எந்தப் பக்கம் என்பதை எவரும் ஆற அமர இருந்து தீர்மானிப்பதில்லை. தந்தை எங்கே படித்தார், தமையன் எங்கே படித்தார் என்பதைக் கொண்டே அது முடிவாகிவிடும். கரையோரக் கிராமங்களின் உதைபந்தாட்டக் கழகங்களும் அத்தகையனவே. அங்கே அணி பிறப்போடு வந்து சேர்ந்தது. வந்தேறிய நாட்டிலோ அணியை நாமே தேடிக்கொள்ள வேண்டியிருந்தது.

பரம்பரைச் சொத்து

ரொறன்ரோவின் மூத்த அணி மேப்பிள் லீவ்ஸ். 1917 இல் தேசிய ஹொக்கிக் கழகம் தோன்றியபோதே இந்நகரத்து அணியும் அதில் இடம்பெற்றது. 1927 இல் அது இப்போதைய பெயரைச் சூடிக்கொண்டது. 1931 இல், பொருளாதாரப் பெருமந்தத்தின் நடுவே, அவ்வணிக்கென மேப்பிள் லீவ் கார்டன்ஸ் எனும் அரங்கு ஆறு மாதத்துக்கும் குறைந்த காலத்தில் எழுப்பப்பட்டது. பணத் தட்டுப்பாடு காரணமாகத் தொழிலாளர்கள் தமது கூலியின் ஒரு பகுதியைப் பங்குகளாக ஏற்றுக்கொண்டே அவ்வேலையை நிறைவேற்றினர். சனிக்கிழமை இரவுகளில் வானொலியில் அவ்வணியின் ஆட்டங்களைக் கேட்டு ஒரு தலைமுறை வளர்ந்தது. ஸ்ரான்லி கிண்ணத்தை 13 தடவைகள் வென்ற இந்நகரத்து அணி, 1967 இல் மொன்றியலை வென்று பெற்ற கிண்ணத்துக்குப் பின் அரை நூற்றாண்டுக்கு மேலாக அதனைக் கண்ணாற் காணவில்லை.

இருந்தும் லீவ்ஸ் இரசிகரின் பற்றுக் குறைந்ததில்லை. பாட்டனிடமிருந்து தந்தைக்கும் தந்தையிடமிருந்து மகனுக்கும் கைமாறும் காணி போன்றது அது. அக்காணியில் எமக்கு உறுதி எழுதப்படவில்லை. எம்மை எவரும் வேலி போட்டுத் தடுத்தார்கள் என்பதற்கில்லை. ஆயினும் பனிச்சறுக்குக் காலணி, கவசங்கள், மட்டை, விடியற்காலைப் பயிற்சி எனச் செலவும் நேரமும் கோரும் ஒரு விளையாட்டை, இரண்டு வேலை செய்து வீட்டு வாடகை கட்டிய பெற்றோரால் பிள்ளைகளுக்கு எளிதில் கொடுத்துவிட முடியவில்லை. லீவ்ஸ் அணியை நாம் மதிக்கிறோம். அதன் தோல்விகளுக்கு அனுதாபமும் படுகிறோம். எனினும் அவ்வீட்டில் நாம் விருந்தினரே.

கோடை விருந்து

புளூ ஜேய்ஸ் அணியின் கதை வேறு. 1977 ஏப்ரல் 7 ஆம் திகதி, பனி கொட்டிக்கொண்டிருந்த மைதானத்தில் சிக்காகோ அணியை 9 - 5 என வென்று அது தன் வாழ்வைத் தொடங்கியது. 1989 இல் திறந்து மூடும் கூரையுடைய ஸ்கைடோம் அரங்கு அதற்குக் கிடைத்தது. 1991 இல் ஒரே பருவத்தில் 40 இலட்சத்துக்கும் மேற்பட்ட பார்வையாளரைக் கண்ட முதலாவது பேஸ்போல் அணி என்ற பெருமையையும் அது பெற்றது. 1992 இல் அற்லாண்டாவை வென்று, உலகத் தொடர்க் கிண்ணத்தை முதற்றடவையாக ஐக்கிய அமெரிக்காவுக்கு வெளியே கொண்டுவந்தது. 1993 ஒக்ரோபர் 23 ஆம் திகதி, 6 - 5 எனப் பின்தங்கியிருந்த இறுதிச் சுற்றில் ஜோ காட்டர் பந்தை வேலிக்கு அப்பால் அடித்து, 8 - 6 என வெற்றியைப் பறித்தார். யங் வீதி மக்களால் நிறைந்தது.

அவ்விரவுகளை அடுக்குமாடிக் குடியிருப்புகளின் தொலைக்காட்சிகளில் கண்ட எம்மவர் பலர். மட்டையும் பந்தும் கொண்ட ஆட்டமாதலால், துடுப்பாட்டம் பழகிய கண்ணுக்கு அது அந்நியமாகத் தோன்றவில்லை. ஆனால் நாம் விதிகளை ஒருவாறு விளங்கி முடிக்குமுன் விருந்தும் முடிந்துவிட்டது. 1994 இல் வீரர்களின் வேலைநிறுத்தத்தினால் உலகத் தொடரே கைவிடப்பட்டது. அதன்பின் 2015 வரை அவ்வணி இறுதிக்கட்டச் சுற்றுகளை எட்டவேயில்லை. 2025 இல் மீண்டும் உலகத் தொடருக்கு வந்து, ஏழாவது ஆட்டத்தில் லொஸ் ஏஞ்சல்ஸ் அணியிடம் 11 ஆவது சுற்றில் ஓர் ஓட்டத்தால் தோற்றபோது, எம் வீட்டுப் பிள்ளைகள் எவ்வளவு கலங்கினர் என்பதை நாம் கண்டோம். இன்றைய பிள்ளைகளுக்கு அது சொந்த அணியே. முதல் தலைமுறையினருக்கோ, ஜேய்ஸின் பொற்காலம் தாம் வந்து சேர்ந்தபோதே உச்சத்தில் இருந்த பிறர் வீட்டுக் கொண்டாட்டமாகும்.

1995 இல் பிறந்தது

கூடைப்பந்தாட்டம் கனடாவுக்கு அந்நியமானதன்று. அதனை 1891 டிசம்பரில் மசச்சுசெற்ஸ் மாநிலத்தின் ஸ்பிறிங்பீல்ட் நகரில் கண்டுபிடித்த ஜேம்ஸ் நெய்ஸ்மித், ஒன்ராறியோவின் அல்மொன்ற் பகுதியிற் பிறந்தவர். பின்னாளில் என்.பி.ஏ. என வழங்கலாயிற்று ஒரு தொழில்முறைச் சங்கம். அதன் முதலாவது ஆட்டமும் 1946 நவம்பர் 1 ஆம் திகதி ரொறன்ரோவின் மேப்பிள் லீவ் கார்டன்ஸ் அரங்கிலேயே நடைபெற்றது. ரொறன்ரோ ஹஸ்கீஸ் அணியின் 6 அடி 8 அங்குல வீரர் ஒருவரிலும் உயரமானவர்களுக்கு அன்று அனுமதி இலவசம். நியூயோர்க் 68 - 66 என வென்றது. ஹஸ்கீஸ் ஒரே பருவத்துடன் மறைந்தது. அதன்பின் ஏறத்தாழ அரை நூற்றாண்டு காலம் அச்சங்கத்தில் ரொறன்ரோவுக்கு இடமிருக்கவில்லை.

இவ்விடத்தில் எமது காலக்கணக்கையும் அருகில் வைத்துப் பார்த்தல் தகும். 1983 யூலை இனக்கலவரத்தின் பின்னர் எம்மவர் கனடாவுக்குப் பெருமளவில் வரத் தொடங்கினர். 1986 ஓகஸ்டில் நியூபவுண்லாந்துக் கரைக்கு அப்பால் உயிர்காப்புப் படகுகளில் மிதந்த 155 தமிழரைக் கனேடிய மீனவர்கள் மீட்டெடுத்தனர். 1990 களில் ரொறன்ரோ நகர மையத்தின் மாடிக் குடியிருப்புகளிலும் ஸ்காபரோவிலும் எமது குடும்பங்கள் வேரூன்றலாயின. அவ்வாறு வேரூன்றிக்கொண்டிருந்த நாட்களிலேயே, 1995 நவம்பர் 3 ஆம் திகதி, ராப்ரர்ஸ் தனது முதலாவது ஆட்டத்தில் நியூ ஜேர்சியை 94 - 79 என வென்றது.

இதுவே நாம் சொல்ல வந்ததன் மையம். ராப்ரர்ஸ் அணிக்கு எவருடைய பாட்டனும் உரிமை கோர முடியாது. பழைய குடிகளும் நேற்று வந்தவர்களும் அதனை ஒரே நாளில்தான் அறிந்துகொண்டனர். 'நீ எப்போது முதல் இரசிகன்?' என்ற கேள்விக்கு அனைவரிடமும் ஒரே ஆண்டுதான் விடையாக இருந்தது. விளையாடுவதற்கும் ஒரு பந்தும் பாடசாலை முற்றத்து வளையமும் போதும்.

ஆரம்ப ஆண்டுகள் இனிமையானவை அல்ல. முதற் பருவத்தில் 21 வெற்றி, 61 தோல்வி. அப்பருவத்தில் 10 ஆட்டங்களில் மட்டுமே தோற்ற சிக்காகோ புல்ஸ் அணியை 1996 மார்ச்சில் 109 - 108 என வீழ்த்தியமை ஒன்றே பெரும் ஆறுதல். 1997-98 பருவத்தில் 16 வெற்றி, 66 தோல்வி. அவற்றுள் 17 தொடர்ச்சியான தோல்விகள். அதே 1995 இல் பிறந்த வன்கூவர் கிறிஸ்லீஸ் அணி, 2001 இல் மெம்பிஸ் நகருக்கு இடம்பெயர்ந்தது. ரொறன்ரோ அணி தாக்குப்பிடித்து நின்றது. அந்த 66 தோல்விகளையும் கண்டவருக்கே அணி உரியது என்போம்.

அவ்வாறு கண்டவருள் நவ் பாட்டியா என்பவரை நகரமே அறியும். 1984 இல் இந்தியாவில் சீக்கியருக்கு எதிராக நிகழ்ந்த வன்முறையின் பின் கனடா வந்து, கார் விற்பனையில் முன்னேறியவர். 1995 முதல் தலைப்பாகையுடன் அரங்கின் முன்வரிசையில் அமர்ந்து, ராப்ரர்ஸின் உள்ளூர் ஆட்டங்களைத் தவறவிடாது கண்டவர். 2019 இல் அணியின் வெற்றி மோதிரம் அவருக்கும் வழங்கப்பட்டது. குடியேறியவர் ஒருவரே இந்நகரத்து இரசிகர்களின் அடையாளமாக விளங்கியமை, அவ்வணி எத்தகையது என்பதற்குச் சான்றாகும்.

2014 இல் அவ்வணி 'நாமே வடக்கு' எனப் பொருள்படும் முழக்கத்தை எடுத்துக்கொண்டது. ஐக்கிய அமெரிக்காவின் அணிகளுக்கு வடக்கே தனித்து நிற்பதையே அது குறித்தது. 'வடக்கு' என்ற சொல் எம்மவர் செவியில் வேறொரு மண்ணையும் நினைவூட்டியதில் வியப்பில்லை. மட்டக்களப்பு, திருகோணமலை வாசகர்கள் பொறுத்தருள்வார்களாக!

விட்டுச் சென்றவர்

இனி நாம் மேலே குறிப்பிட்ட கேள்விக்கு வருவோம். 1998 இல் ராப்ரர்ஸில் சேர்ந்த வின்ஸ் காட்டர், 2000 பெப்ரவரியில் நடந்த பந்தைப் பாய்ந்து கூடையில் அறையும் போட்டியில் உலகையே வியக்கவைத்தார். ரொறன்ரோவின் முற்றங்களில் சிறுவர் பந்தைத் தூக்கியது அவரைக் கண்டே. 2001 மே 20 ஆம் திகதி காலையில் தனது பல்கலைக்கழகப் பட்டமளிப்பு விழாவில் கலந்துகொண்டு, அன்றே விமானமேறிப் பிலடெல்பியா சென்று, தொடரின் ஏழாவது ஆட்டத்தில் ஆடினார். அவரது கடைசி எறிகை தவறியது. ராப்ரர்ஸ் 88 - 87 எனத் தோற்றது. பட்டம் பெறச் சென்றமையே குற்றமெனச் சிலர் எழுதினர். பிள்ளைகளின் படிப்புக்காக அனைத்தையும் விற்ற எம் சமூகத்தில் அக்குற்றச்சாட்டு எடுபடாது!

2004 டிசம்பரில் காட்டர் நியூ ஜேர்சி அணிக்கு மாற்றப்பட்டார். அவர் வெளியேற விரும்பினார் என்பது வெளிப்படை. அதன்பின் அவர் இந்நகருக்கு வந்த போதெல்லாம், பந்தைத் தொட்ட கணந்தோறும் அரங்கு கூச்சலிட்டு இகழ்ந்தது. அவ்விகழ்ச்சி பத்தாண்டுகளுக்கு அண்மித்து நீடித்தது. எமது இளைஞரும் அதிற் கலந்துகொண்டனர் என்பதை மறுப்பதற்கில்லை.

2014 நவம்பர் 19 ஆம் திகதி, அணியின் 20 ஆவது பருவத்தில், அவருடைய பழைய ஆட்டங்களின் காட்சித் தொகுப்பு அரங்கில் ஒளிபரப்பானது. இகழ்ச்சி கைதட்டலாக மாறியது. காட்டர் கண்ணீர் விட்டார். அன்று அவர் அணிந்திருந்தது மெம்பிஸ் கிறிஸ்லீஸின், அதாவது வன்கூவரை விட்டு இடம்பெயர்ந்த அந்த அணியின் சட்டை என்பது குறிப்பிடத்தக்கது. 2024 நவம்பர் 2 ஆம் திகதி அவரது 15 ஆம் இலக்கம் அரங்கின் கூரையில் ஏற்றப்பட்டது. ராப்ரர்ஸ் வரலாற்றில் இக்கௌரவத்தைப் பெற்ற முதல்வர் அவரே.

அனுப்பப்பட்டவரும் வந்து சென்றவரும்

டெமார் டிரோசன் 2009 இல் வந்தவர். ஏனையோர் வெளியேறிய காலத்தில் ரொறன்ரோவை விரும்பி ஏற்று, ஒன்பது பருவங்கள் ஆடினார். 2016, 2017, 2018 ஆகிய மூன்று ஆண்டுகளும் கிளீவ்லாந்திடம் தோற்ற பின், 2018 யூலையில் சான் அன்ரோனியோவுக்கு மாற்றப்பட்டார். அவர் மனம் உடைந்தார். நைஜீரியாவில் வளர்ந்து அன்று அணியின் தலைவராக விளங்கிய மசாய் உஜிரி, தமக்கும் டிரோசனுக்கும் இடையே நேர்ந்த தவறான புரிதலுக்காகப் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார்.

பதிலாக வந்தவர் கவாய் லெனாட். 2019 மே 12 ஆம் திகதி, அதே பிலடெல்பியாவுக்கு எதிரான ஏழாவது ஆட்டத்தின் கடைசிக் கணத்தில் அவர் எறிந்த பந்து, வளையத்தின் விளிம்பில் நான்கு தடவைகள் துள்ளிப் பின் உள்ளே விழுந்தது. 92 - 90. 18 ஆண்டுகளுக்கு முன் தவறிய எறிகைக்கு அன்று ஈடு கிடைத்தது. யூன் 13 ஆம் திகதி கோல்டன் ஸ்ரேற் அணியை 114 - 110 என வென்று, ராப்ரர்ஸ் கிண்ணத்தைக் கைப்பற்றியது. கமறூனில் பிறந்த சியாகமும் கொங்கோவில் பிறந்த இபாக்காவும் ஸ்பெயின் நாட்டு கசோலும் அவ்வணியில் இருந்தனர். அனுமதிச்சீட்டு வாங்க இயலாதோர் அரங்குக்கு வெளியே சதுக்கத்தில் திரண்டு நின்று, பெருந்திரையில் அத்தொடரைக் கண்டனர். எமது பிள்ளைகளும் அவர்களுள் இருந்தனர்.

அடுத்த மாதமே லெனாட் தாம் பிறந்த கலிபோர்னியாவுக்குத் திரும்பிச் சென்றார். அவரை எவரும் இகழவில்லை. அதே ஆண்டு டிசம்பரில் மோதிரம் பெற வந்தபோது அரங்கு எழுந்து நின்று கைதட்டியது.

ஓராண்டு நின்று சென்றவருக்குக் கைதட்டல், ஆறாண்டு நின்று சென்றவருக்குப் பத்தாண்டு இகழ்ச்சி. கிண்ணம் தந்தவர் என்பதால் லெனாட்டை மன்னித்தோம் எனில், அது கொடுக்கல் வாங்கல். காட்டர் தந்ததோ கிண்ணத்திலும் பெரிது. அவரைக் கண்டு பந்து தூக்கிய தலைமுறையிலிருந்தும் அதன் பின்வந்தோரிலிருந்தும் கனடாவின் வீரர்கள் பெருகினர். 2023 உலகக் கிண்ணத்தில் கனடா வெண்கலம் வென்றது. ரொறன்ரோவிற் பிறந்த ஷே கில்ஜஸ் அலெக்சாண்டர் 2025 இல் என்.பி.ஏ. யின் அதிசிறந்த வீரராகத் தெரிவானார். எனவே 15 ஆம் இலக்கம் கூரையேறியது முற்றிலும் முறையானது. காலம் தாழ்ந்தே நிகழ்ந்தது என்பதே எமது ஒரே குறை.

விட்டுச் சென்றவரை இகழும் உரிமை எவருக்கு இருந்தாலும் எமக்கு இல்லை. நாமும் விட்டு வந்தவர்களே. எம்மைத் துரத்தியது போர். காட்டரைக் கொண்டு சென்றது அவரது விருப்பம். இவ்வேறுபாடு பெரிது என்பதை அறிவோம். ஆயினும் பின்னே நின்றவர்களின் கண்ணுக்கு, சென்றவர் முதுகு ஒன்றுபோலத்தான் தெரியும். 'போனவர்கள்' என்ற சொல்லை ஊரிலிருந்து வந்த கடிதங்களில் நாமும் வாசித்திருக்கிறோம். அச்சொல்லில் இருந்த மனத்தாங்கல் எம்மைச் சுட்டபோது, எமது நியாயத்தை எவராவது கேட்டால் நன்றென ஏங்கியவர்கள் நாம். அந்த நியாயத்தைப் பிறருக்கும் வழங்குவதே முறை.

அடுத்த தடவை பழைய வீரர் ஒருவர் வேற்றுச் சட்டையில் இந்நகர் அரங்கினுள் நுழையும்போது, தொலைக்காட்சியின் முன் கூச்சலிட ஆயத்தமாகும் பிள்ளைகளிடம் இவ்வரலாற்றைக் கூறுவோமாக. 1904 இல் தொடங்கிய பெருஞ்சமரின் கதையையும் கூடவே சொல்லலாம். ஒன்று நாம் விட்டு வந்த வடக்கு, மற்றையது நாம் வந்து சேர்ந்த வடக்கு. இரண்டினதும் பெயரை அறிந்த பிள்ளை எந்த அணியின் தோல்விக்காகச் சோறு உண்ண மறுத்தாலும், அது எமக்குச் சம்மதமே.